கொதிநீர்ச் சோதனை

வாதம் செய்வதில் நம் ஜனங்களுக்கு இணையானவர்கள் உலகத்தில் இல்லை என்பது நமது நெடுநாளைய அபிப்பிராயம். காட்பாடியில் ஜன்னலோரத்து இடத்துக்காக ஆரம்பிக்கிற வாதம், ஜோலார்பேட்டை வருவதற்குள் வேதாந்தத்தில் போய் முடிவதை நாம் பல முறை கண்டிருக்கிறோம். அதில் தவறொன்றுமில்லை. பேசிப் பேசித்தான் மனிதன் அறிவு பெற்றான். ஆனால் ஒருவகை வாதம் இருக்கிறது. அதில் பேச்சு வளர வளர விஷயம் நழுவிக்கொண்டே போகும். அகப்பட்டுவிட்டது என்று கையை விரித்துப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இராது. அத்தகைய வாதம் ஒன்றில் நாம் ஈடுபட்டதையும், அதற்காக நம் குடும்பத்தில் ஒருவர் கொடுத்த விலையையும் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

நம்முடைய தமக்கையின் கணவர் ஆம்பூர்வாசி. தோல் பதனிடும் தொழிலில் நாற்பது வருஷம் உழைத்து, மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரையில் பாலாற்றை ஒட்டிய ஊர்களில், ஒரு தோலைத் தடவிப் பார்த்தே அதன் பூர்வோத்தரங்களைச் சொல்லக்கூடிய மனிதர்கள் உண்டு. மாமா அவர்களில் ஒருவர்.

அவர் வேலை பார்த்த இடத்துக்கு நாம் சிறு வயதில் போயிருக்கிறோம். குரோம் உப்பில் பதனிட்ட தோல், சுழலும் பெரிய மரப் பீப்பாயிலிருந்து நீல நிறமாக வெளிவரும். அது நன்றாகப் பதமாகிவிட்டது என்று யார் சத்தியம் செய்தாலும் மாமா காதில் போட்டுக்கொள்ள மாட்டார். ஒரு சிறு துண்டை வெட்டி எடுப்பார். அதைக் காகிதத்தின்மேல் வைத்து ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுவார். பிறகு அதைக் கொதிக்கிற தண்ணீரில் இரண்டு மூன்று நிமிஷம் போட்டு எடுத்து, மறுபடியும் அந்தக் கோட்டுக்குள் வைத்துப் பார்ப்பார். பச்சைத் தோலாயிருந்தால் 65 டிகிரி உஷ்ணத்துக்குள்ளேயே சுருண்டுவிடும். சரியாகப் பதமான குரோம் தோல் 100 டிகிரியிலும் சுருங்காது. துண்டு கோட்டை நிறைத்தால் சரக்கு தேறியது. கோட்டுக்குள் குறுகினால் மறுபடியும் பீப்பாய்க்குப் போக வேண்டியதுதான். முதலாளியானாலும் தொழிலாளியானாலும் அதற்கு மேல் முறையீடு கிடையாது.

“மனுஷன் பொய் சொல்லுவான், தம்பி. தோல் பொய் சொல்லாது” என்பார் மாமா.

இந்த மாமாதான் நம் கதாநாயகர்.

2016-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஒரு நாள் நாம் அவர் வீட்டுத் திண்ணையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தோம். மூலிகைப் பெட்ரோல் வழக்கில் ராமர் பிள்ளைக்குச் சென்னை நீதிமன்றம் மூன்று வருஷச் சிறைத் தண்டனை விதித்த செய்தி அதில் வந்திருந்தது. இளம் நேயர்கள் அந்தக் கதையை அறிந்திருக்க மாட்டார்கள். ராஜபாளையத்தை அடுத்த இடையன்குளம் கிராமத்தைச் சேர்ந்த அவர், பச்சிலையைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, சில பொருள்களைச் சேர்த்துக் கிளறினால் பெட்ரோல் கிடைக்கும் என்று 1996-இல் அறிவித்தார். பார்த்தவர்கள் கண்முன்னே எண்ணெய் மிதந்தது. தீக்குச்சியைக் காட்டினால் எரிந்தது. நாடெங்கும் அதே பேச்சாயிற்று. பின்னர், கண்காணிப்பை இறுக்கிச் சோதித்தபோது எண்ணெய் வரவில்லை. கிளறுகிற கோலின் உட்குழலில் எரிபொருளை நிரப்பி மெழுகால் அடைத்திருந்தார் என்பது ஆராய்ந்தவர்கள் சொன்ன விளக்கம். அப்படியும் கதை முடியவில்லை. சில வருஷங்களில் அந்தப் பெயருள்ள எரிபொருள் சென்னையில் விற்பனைக்கே வந்துவிட்டது. 2000-ஆம் ஆண்டில் மத்தியப் புலனாய்வுத் துறையினர் அவரைக் கைது செய்தார்கள். தீர்ப்பு வர மேலும் பதினாறு வருஷம் ஆயிற்று.

ரஸாயன சாஸ்திரம் இதில் சொல்வது சிக்கலானதன்று. பெட்ரோல் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த பொருள்களின் கலவை. தண்ணீரிலோ கார்பனே கிடையாது. மேலும், ஹைட்ரஜன் எரிந்து தீர்ந்தபின் மிஞ்சுவதுதான் தண்ணீர். எரிந்தபோது வெளிப்பட்ட சக்தி முழுவதையும் திருப்பிக் கொடுத்தாலொழிய அதை மறுபடியும் எரிபொருளாக்க முடியாது. அடுப்பிலுள்ள சாம்பலை ஒரு பிடி தழையைப் போட்டு விறகாக்க முடியுமானால், தண்ணீரையும் பெட்ரோலாக்கலாம்.

இவ்வளவு ஞானம் பேசுகிற நாம் 1996-இல் என்ன செய்தோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாம் நம்பினோம். நம்பியதோடு நிற்கவில்லை. சந்தேகப்பட்ட நண்பர் ஒருவரை, “ஏழைக் கிராமவாசி ஒருவன் கண்டுபிடித்தான் என்றால் உமக்குப் பொறுக்கவில்லையா? வெள்ளைக்காரன் சொன்னால்தான் வாயைத் திறந்து விழுங்குவீரோ?” என்று கேட்டு வாயடைத்தோம். பெட்ரோலைப் பற்றி அந்த வாக்கியத்தில் ஒரு வார்த்தையும் இல்லை என்பது நமக்கு அப்போது தோன்றவில்லை.

மாமா செய்தியைக் கேட்டுத் தலையை அசைத்தார். “எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் விட்டுவிடுவார்களா?” என்றார். பிறகு உள்ளே போய் ஒரு தகர டப்பாவை எடுத்துவந்து காட்டினார். அதில் பழுப்பு நிறச் சூரணம் இருந்தது. அவருக்குப் பன்னிரண்டு வருஷமாக நீரிழிவு. காலையில் இன்ஸுலின் ஊசியும், இரண்டு வேளை மெட்பார்மின் மாத்திரையும் நடந்துவந்தன. இரண்டையும் நிறுத்தி ஒரு மாதம் ஆகிவிட்டது என்றும், இந்தச் சூரணத்தைத்தான் சாப்பிட்டு வருகிறார் என்றும் நமக்கு அப்போதுதான் தெரிந்தது. அக்காள் கதவோரத்தில் நின்று நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன மருந்து, மாமா?”

“ஆவாரை” என்றார் பெருமிதத்தோடு.

அந்த ஒரு சொல்லில் அவருடைய ஆயுள் முழுவதும் அடங்கியிருந்தது. குரோம் உப்பு வருவதற்கு முன்னால் நம் பக்கத்துத் தோலுக்கெல்லாம் ஆவாரம் பட்டைதான் கதி. பட்டையை இடித்து ஊறவைத்த தொட்டிகளில் தோல் வாரக்கணக்கில் கிடக்கும். பட்டையின் துவர்ப்புச் சத்து தோலின் நாரோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு அது அழுகாது. கடுக்காய்ச் சாற்றில் முடிவான பதம் கொடுப்பார்கள். அப்படிப் பாதி பதமான தோல்கள் சென்னையிலிருந்து கப்பலேறி லண்டன் சந்தைக்குப் போயின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் முறையைக் கொண்டுவந்த பிறகும் பட்டைத் தொட்டிகள் வெகு காலம் இருந்தன. மாமாவின் தகப்பனார் அந்தத் தொட்டிகளில் நின்றவர். ஆவாரை பூக்கும் ஊரில் சாவு எட்டிப் பார்க்காது என்ற பொருளில் பழமொழியே உண்டல்லவா? அந்தச் செடியின் பேரால் வந்த மருந்தை மாமா எப்படிச் சந்தேகிப்பார்?

நாம் வாதத்தைத் தொடங்கினோம். அன்று மாமா அடுக்கிய காரணங்கள் அவருடைய சொந்தச் சரக்கல்ல. சூரணம் விற்ற மனிதர் டப்பாவோடு இலவசமாகக் கொடுத்தவை. அதற்குப் பிறகு வேறு பல இடங்களில் வேறு பல சரக்குகளுக்காக அதே காரணங்களை நாம் கேட்டுவிட்டோம். ஆகையால் நேயர்களுக்கும் அவை பழக்கமாயிருக்கலாம்.

முதலாவது, “நம் முன்னோர்கள் முட்டாள்களா?” என்பது. முட்டாள்கள் அல்ல. அதனால்தான் அவர்கள் ஆவாரம் பட்டையைத் தொட்டியில் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். வேப்பம் பட்டையையும் போட்டுப் பார்த்திருப்பார்கள், சரிவராததை விட்டிருப்பார்கள். சோதித்தவர்களுடைய பெயரைச் சொல்லிச் சோதனையைத் தடுப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. தேசாபிமானத்தில் ஆசாரிய பிரபுல்ல சந்திர ராயை மிஞ்சியவர் யார்? நம் பண்டை ரஸாயன நூல்களின் சரித்திரத்தை எழுதியவர் அவர். வங்காளத்தில் சுதேசி ரஸாயனத் தொழிற்சாலையை நிறுவியவரும் அவரே. பழமையைப் போற்றுவதும், ஆய்வுக்கூடத்தில் நிறுத்துப் பார்ப்பதும் அவரிடத்தில் ஒன்றாகவே இருந்தன.

இரண்டாவது, “ஆயிரம் பேருக்குக் குணமாயிருக்கிறது” என்பது. குணமானவர்கள் வந்து சொல்வார்கள். குணமாகாதவர்கள் வேறு வைத்தியரிடம் போயிருப்பார்கள். அல்லது சொல்ல முடியாத இடத்துக்கே போயிருப்பார்கள். சாட்சி சொல்ல வந்தவர்களை மட்டும் எண்ணினால் தோற்ற வழக்கு என்று ஒன்று உலகத்திலேயே இராது.

மூன்றாவது, “கலிலியோவையும்தான் பழித்தார்கள்” என்பது. பழிக்கப்பட்டவர்களில் ஒருவர் கலிலியோ என்பது உண்மை. பழிக்கப்பட்டவர்களெல்லாம் கலிலியோ என்பது உண்மையன்று. அவர் தம் தூரதிருஷ்டிக் கண்ணாடியை நீட்டி, “பாருங்கள்” என்றார். சூரணக்காரர் டப்பாவை மூடி, “நம்புங்கள்” என்கிறார்.

நான்காவது, “மருந்துக் கம்பெனிகளின் சதி” என்பது. கம்பெனிகள் லாபத்தையே நாடுகின்றன என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் சதி என்ற ஒரு வார்த்தையை உள்ளே விட்டுவிட்டால், எந்தச் சோதனை பொய்த்தாலும் அதுவே சதிக்கு அத்தாட்சியாகிவிடுகிறது. மேலும், சூரணம் விற்றவரும் அதைத் தர்மத்துக்குக் கொடுக்கவில்லை. மாமா நிறுத்திவிட்ட மெட்பார்மினோ மூலிகை வம்சத்தைச் சேர்ந்ததுதான். ஐரோப்பாவில் நெடுங்காலம் கைவைத்தியத்தில் இருந்த கலேகா என்ற செடியின் சத்தை ஆராயப்போய்க் கிடைத்த வழியில் உண்டானது அது. மூலிகைக்கும் விஞ்ஞானத்துக்கும் சண்டை என்பதே பொய்.

ஐந்தாவதுதான் பிரம்மாஸ்திரம். “இது பலிக்காது என்று நீ நிரூபி, பார்க்கலாம்!” என்றார் மாமா.

இதற்குப் பதில் பாலாற்றிலேயே இருக்கிறது. தோல் கழிவுநீர் ஆற்றையும் நிலத்தையும் பாழாக்கியது பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. இந்த வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று என்ற ஆய்வு அத்தீர்ப்பில் எடுத்துக் காட்டப்பட்டது. கெடுதல் உண்டென்று குடியானவன் நிரூபிக்க வேண்டியதில்லை. கெடுதல் இல்லை என்று தொழில் நடத்துகிறவனே நிரூபிக்க வேண்டும் என்று நீதிபதிகள் சொன்னார்கள். மூலிகைப் பெட்ரோல் பேச்சு ஊரெங்கும் அடிபட்ட அதே வருஷத்தில், நம் ஆற்றங்கரைக்குக் கிடைத்த பாடம் இது. சரக்கைக் கொண்டுவருகிறவன்தான் அத்தாட்சியையும் கொண்டுவர வேண்டும்.

இவ்வளவும் சொன்னோம். ஒவ்வொன்றும் சரியான பதில் என்றே இன்றும் நினைக்கிறோம். ஆனால் மாமா ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டே இருந்தார். நமக்குப் பொறுமை போயிற்று. “அந்த டப்பாவைக் காரில் ஊற்றினால் சென்னை வரையில் போகுமா, மாமா?” என்று கேட்டுவிட்டோம். திண்ணையிலிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். மாமா ஒன்றும் பேசாமல் டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நாம் ஜயித்துவிட்டதாக எண்ணிக்கொண்டு ரயிலேறினோம்.

அதற்குப்பின் மூன்று மாதம் மாமா நம்மோடு பேசவில்லை. முன்பாவது வாரத்துக்கு ஒரு முறை ரத்தத்தைச் சோதித்துக்கொண்டிருந்தாராம். அதையும் நிறுத்திவிட்டார் என்று அக்காள் தகவல் அனுப்பினாள். சூரணக்காரர் அவரைச் சிரித்ததில்லை. திண்ணையில் உட்கார்ந்து, தோலைப் பற்றி அவர் பேசியதையெல்லாம் ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டிருப்பார். நமக்கும் அவருக்கும் அன்று நடந்த போட்டியில் யார் பக்கம் மாமா போவார் என்பதற்கு ஜோஸியம் வேண்டியதில்லை.

பொங்கலுக்குப் போனோம். முதலில் மன்னிப்புக் கேட்டோம். 1996-இல் நாமே ஏமாந்த கதையைச் சொன்னோம். அவர் முகம் சற்று இளகியது. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டோம்.

“மாமா, இந்தச் சூரணத்துக்குக் கொதிநீர்ச் சோதனை எது?”

மாமா உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோலைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டால் சுருங்கித்தான் போகும், தம்பி. அதனால் அது கெட்ட தோல் ஆகிவிடுமா? குரோமுக்கு உள்ள சோதனை பட்டைக்குப் பொருந்தாது. இங்கிலீஷ் வைத்தியத்தின் சோதனையும் இதற்குப் பொருந்தாது” என்றார்.

அவர் சொன்னவற்றிலெல்லாம் மிகச் சிறந்த வாதம் அதுதான். நாம் அதை ஒப்புக்கொண்டோம். “சரி. பட்டைத் தோலுக்கு என்ன சோதனை வைத்தீர்கள்?”

“குறுக்கே வெட்டிப் பார்ப்போம். பட்டைச் சாறு நடு வரையில் ஏறியிருக்க வேண்டும். நடுவில் வெளிறிய கோடு தெரிந்தால் உள்ளே பச்சை என்று அர்த்தம்.”

“எந்தத் தோலுக்கும் ஏதாவது ஒரு சோதனை உண்டு அல்லவா? சோதனையே கிடையாது என்று ஒருவன் தோல் கொண்டுவந்தால் வாங்குவீர்களா?”

மாமா வெகு நேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, சுவரில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரில் ஒரு தாளைப் புரட்டித் தாமே பென்சிலால் எழுதினார்: பதினைந்து நாள் கழித்து, காலையில் வெறும் வயிற்றில், 130-க்குள். சூரணமும் பத்தியமும் ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. எண் அதற்குள் வந்தால் நாம் வாயைத் திறக்கக் கூடாது. வராவிட்டால் அவர் ஆஸ்பத்திரிக்குப் போவார். பதினைந்து நாள் எதற்கு, இன்றைக்கே போகலாம் என்று அக்காள் கெஞ்சினாள். மாமா இணங்கவில்லை. தோல் துண்டைச் சுற்றிக் கோடு போட்டாகிவிட்டது, இனிக் கொதிநீர்தான்.

அந்த நாள் வந்தது. சோதனைக் கருவி காட்டிய எண் 286.

பத்தியம் தவறியிருக்கும் என்று சொல்ல இடமிருந்தது. கருவி அந்நிய நாட்டுச் சரக்கு என்று சொல்லவும் இடமிருந்தது. அக்காள் அவற்றையெல்லாம் எதிர்பார்த்துத்தான் நின்றாளாம். மாமா ஒன்றும் சொல்லவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, “ஆட்டோ கூப்பிடு” என்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் அவரது செருப்பைக் கழற்றச் சொன்னார். இடது காலின் சிறு விரலுக்கு அடியில் ஒரு புண் இருந்தது. செருப்பிலிருந்து நீட்டிய ஆணி ஒன்று நெடுநாளாகக் குத்திக்கொண்டிருந்திருக்கிறது. ஆயுள் முழுவதும் விரல் நுனியால் தோலை அறிந்த மனிதருக்குத் தம் காலில் ஆணி குத்தியது தெரியவில்லை. நீரிழிவு முற்றினால் நரம்புகள் மரத்து வலி தெரியாமற் போகிறது; புண் ஆறுவதும் கடினமாகிறது.

இதே வேலூரில் 1940-களில் டாக்டர் பால் பிராண்ட் குஷ்டநோயாளிகளிடம் கண்ட உண்மையும் இதுவே. அந்நோயினால் விரல்கள் தாமே அழுகி உதிர்கின்றன என்றுதான் அப்போது எல்லோரும் நம்பினார்கள். அவர் ஒவ்வொரு புண்ணும் எப்படி உண்டாயிற்று என்று தேடிப் பார்த்தார். வலி தெரியாததனால் நேரும் காயங்களே விரலைத் தின்கின்றன என்று அறிந்தார். எல்லோரும் ஒப்புக்கொண்டதையும் சோதித்துப் பார்க்கத் துணிந்ததனால் எத்தனையோ பேருடைய கைகால்கள் பிழைத்தன.

மாமாவுக்கு இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. கால் தப்பியது. இப்போது ஊசியும் மாத்திரையும் ஒழுங்காக நடக்கின்றன. ஆவாரம்பூவைப் பருப்பில் போட்டுச் சமைக்கச் சொல்லி ருசித்துச் சாப்பிடுகிறார். அதற்கு யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை.

அக்டோபர் மாதத்திலேயே அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் விரல்கள் தப்பியிருக்குமோ என்று நாம் அடிக்கடி எண்ணுகிறோம். கேட்டிருக்கலாம். கேட்பதற்குப் பதிலாகத் திண்ணையில் இரண்டு பேரைச் சிரிக்கவைத்தோம்.

ஆகையால் நேயர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இவ்வளவுதான். வீட்டுக்கு ஒரு சூரணமோ, யந்திரமோ, அபூர்வக் கண்டுபிடிப்போ வந்தால், முன்னோர்களைப் பற்றியும் சதிகளைப் பற்றியும் விவாதிக்கத் தொடங்க வேண்டாம். அந்தப் பாதைக்கு முடிவு கிடையாது. கொண்டுவந்தவரைச் சிரிக்கவும் வேண்டாம். எது நடந்தால் இது பொய் என்று நீங்களே ஒப்புக்கொள்வீர்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். பதிலைக் காலண்டரில் எழுதச் சொல்லுங்கள். மெய்யான சரக்கு உள்ளவர் உடனே பென்சிலைக் கையில் எடுப்பார். எழுத மறுப்பவரிடம் மேற்கொண்டு வாதம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை.

நாமும் நம் வீட்டுக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு பென்சிலைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். நம்முடைய சொந்த அபிப்பிராயங்களில் சிலவற்றுக்கும் அது தேவைப்பட்டது.